ஸ்பேனருக்குப் பொன்னாடை

"டிகிரி என்பது வெறும் காகிதம்!"

முழங்கியவர் சிறப்பு விருந்தினர். முழங்கிய இடம், அந்தக் காகிதத்தை நான்கு வருஷத் தவணையில் விற்கும் ஒரு பொறியியல் கல்லூரி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அந்தத் தவணைக்காக நகையை அடகு வைத்த வீடுகளின் பிள்ளைகள் எண்ணூறு பேர். முதலில் கை தட்டியவர் தாளாளர். காகிதத்தின் அடக்க விலை அவருக்குத்தானே தெரியும்!

கோயம்புத்தூர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டாம். மாநிலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எதைச் சொன்னாலும் பொருந்தும். வாழ்த்துரை வழங்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாழ்த்துரை என்பது வேறொன்றுமில்லை, சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேரும்வரை மைக்கைச் சூடு ஆறாமல் வைத்திருப்பது.

நாள், ஜூலை 15. இந்தத் தேதிக்கு நம்மிடம் மூன்று வேஷம். காமராஜர் பிறந்த நாள் என்பதால் தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாள். ஐ.நா. சபை 2014இல் அறிவித்தபடி உலக இளைஞர் திறன் நாள். மறு வருஷம் டெல்லி இதே தேதியில் 'ஸ்கில் இந்தியா'வைத் தொடங்கி, 2022க்குள் 40 கோடிப் பேருக்குத் திறன் ஊட்டிவிடப்போவதாகச் சொன்னது. 2022 வந்தது, போனது. 40 கோடி என்றால் கிட்டத்தட்ட நாட்டில் மூன்றரைப் பேருக்கு ஒருவர். என் தெருவில் குழாய் ஒழுகினால் இன்றைக்கும் வருவது அதே ஒரு பிளம்பர்தான். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மீதி 39 கோடியே 99 லட்சத்துச் சொச்சம் பேர் எந்தத் தெருவில் குழாய் மாற்றிக்கொண்டிருக்கிறார்களோ!

விருந்தினர் மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் ஆலையின் முதலாளி. "சுயமாகக் கற்றுக்கொள்ளுங்கள். உலகமே உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது. ஃபிட்டர் இல்லை, வெல்டர் இல்லை, டர்னர் இல்லை, எங்களுக்கு ஆளே கிடைப்பதில்லை" என்று நாற்பது நிமிஷம் ஆதங்கப்பட்டார். வெல்டருக்கு என்ன சம்பளம் தருகிறார் என்பதை மட்டும் அந்த நாற்பது நிமிஷத்துக்குள் அடக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஆள் ஏன் கிடைப்பதில்லை என்பது முதல் வரிசைக்கே விளங்கியிருக்கும். அறிமுகவுரையில் தொகுப்பாளினி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய மகள் அமெரிக்காவில் எம்.எஸ்., மகன் லண்டனில் எம்.பி.ஏ. இரண்டு வெறும் காகிதம். ஒன்றுக்கு டாலர், இன்னொன்றுக்குப் பவுண்டு.

பிறகு வழக்கமான புராணம். பில் கேட்ஸ் படிப்பைப் பாதியில் விட்டார், உலகை ஆண்டார். அட சாமி! பாதியில் விடுவதற்கு முதலில் ஹார்வர்டு கிடைத்திருக்க வேண்டும். 1968இலேயே அவர் படித்த தனியார் பள்ளியில் கணினி முனையம் இருந்தது. மாணவர்களின் அம்மாக்கள் சங்கம் பழைய சாமான்களை விற்றுச் சேர்த்த காசில் வந்தது அது. அன்றைக்கு நம் ஊர்ப் பள்ளிகளில் கரும்பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தோம். அவர் விட்டால் அதற்குப் பெயர் துணிச்சல். பேருந்துக்குக் காசில்லாமல் ஒன்பதாம் வகுப்போடு ஒருத்தி நின்றால் அரசுக் கோப்பில் அவள் 'இடைநிற்றல்'. அவளுக்குப் பொன்னாடை கிடையாது. ஸ்பின்னிங் மில் வேன் ஒன்று வீட்டு வாசலுக்கு வரும், அவ்வளவுதான்.

அடுத்து ராமானுஜன். "கணித மேதை கல்லூரியில் தோற்றவர், தெரியுமா?" தெரியும் ஐயா. கும்பகோணத்தில் உதவித்தொகை போனதும் தெரியும், சென்னையில் எஃப்.ஏ. தேறாததும் தெரியும். கார் என்பவரின் கணிதத் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு தானாகவே மலையேறிய அந்த மனிதர், காகிதம் இல்லாத குற்றத்துக்காகக் கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் படியேறியதும் தெரியும். கடைசியில் 1912இல் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். 32 வயதில் செத்தும் போனார். சுயகல்வியின் வெற்றிக் கதையாக இதை மேடைதோறும் சொல்லுகிறார்கள். சுயகல்வி கற்றவனை இந்தச் சமூகம் எப்படி நடத்தும் என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை எனக்குத் தெரியாது.

அப்புறம் கோயம்புத்தூரில் பேசுகிறவர் ஜி.டி. நாயுடுவைத் தொடாமல் உட்கார முடியுமா? தொட்டார். ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தது, வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பேருந்து விட்டது, 1937இல் இந்திய மின்மோட்டார். எல்லாம் உண்மை. ஆனால் கதையின் பின்பாதியை மட்டும் எப்போதும் கத்தரித்துவிடுவார்கள். 1945இல் பொறியியல் கல்லூரி தொடங்கிய அதே நாயுடு, நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், பிள்ளைகளின் வயதை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று அரசோடு சண்டை பிடித்து முதல்வர் பதவியை உதறினார். இந்தப் பாதியைச் சொன்னால் தாளாளர் எப்படிக் கை தட்டுவார்? நாலு வருஷக் கட்டணம் இரண்டு வருஷக் கட்டணமாகிவிடாதா?

நாயுடு கதை மின்மோட்டாருக்கு வந்த இடத்தில்தான் மைக் 'ம்ம்ம்ம்' என்று தேனடை கலைந்த மாதிரி இரைய ஆரம்பித்தது.

மேடையில் மின்னியல் துறைத் தலைவர் இருந்தார், முனைவர். மின்னணுவியல் துறைத் தலைவர் இருந்தார், அவரும் முனைவர். இருவரும் மைக்கைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருடைய ஆய்வேடு சிக்னலில் கலக்கும் இரைச்சலைப் பற்றியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"டேய், மைக் செட்! எங்கடா போன?" என்று உடற்கல்வி ஆசிரியர் கத்தினார். 'டேய்'க்கு ஐம்பது வயது இருக்கும். மேடைக்குப் பின்னாலிருந்து குனிந்தபடியே வந்தார், யாருடைய புகைப்படத்திலும் விழுந்துவிடக் கூடாதே என்கிற குனிவு. கேபிளைக் கையால் நீவிக்கொண்டே போனார். மாடு பிடிக்கிறவர் கயிற்றை நீவுகிற மாதிரி. ஜாக் பக்கம் வந்ததும் நிறுத்தி, மூடியைத் திருகிக் கழற்றினார். "ஷீல்டு உட்டுப்போச்சுங்க. அதான் எர்த்து கெடைக்காம மொனகுது" என்றார். வயரின் தோலைப் பல்லால் உரித்தார். சால்டரிங் அயர்ன், ஒரு பொட்டு ஈயம், ஒரு ஊது. மூன்று நிமிஷம். இரைச்சல் நின்றது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. சிறப்பு விருந்தினர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்: "ஆகவே மாணவர்களே, கைத்தொழிலை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்!"

நான் கீழே இறங்கி மைக் செட்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாழ்த்துரைக்காரன் காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள்.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பன் தோட்டத்து வேலைங்க. நான் நோம்பிக்கு நோம்பி ரேடியோ செட்டுக்காரங்க பொறத்தாலயே போயிருவனுங்க. வயர் சுத்தறது, கொழாய் கட்டறது. அப்பறம் உக்கடத்துல பழைய சாமான் வாங்கிட்டு வந்து நானே பிரிச்சு பிரிச்சுப் பார்த்தனுங்க. ரெண்டு ஆம்ப்ளிஃபயர் பொகஞ்சு போச்சு. மூணாவது பாடுச்சு."

இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில் போட்டால் நாலு ஓம் ஆகும், மூன்றாவதையும் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் சுடும் என்பதை விதியின் பெயர் சொல்லாமல் விளக்கினார். பந்தல், தெருவிளக்கு, வீட்டு வயரிங் எல்லாம் செய்வாராம். அப்படியானால் காண்டிராக்ட் எடுத்துச் செய்யலாமே என்றேன். சிரித்தார். அதற்குத்தான் காகிதம் வேண்டுமே! அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு ஒன்று இருக்கிறது. அனுபவத்தில் கற்றவர்களுக்காகவே வைத்தது, ஐந்து வருஷ அனுபவம் இருந்தால் எழுதலாம். இவருக்கு முப்பது வருஷம். ஆனால் அனுபவம் உண்டு என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரிடமெல்லாம் வேலை பார்த்தாரோ அவர்கள் எல்லாம் கையெழுத்துக்கு விலை சொன்னார்கள். கை நிறைய வேலை தெரிந்தவருக்கு ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. மேடையில் இருப்பவருக்கு டிகிரி வெறும் காகிதம். இவருக்கு அந்தக் காகிதம்தான் சுவர்.

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். 'கைத்தொழில் கற்றுக்கொள்' என்ற உபதேசம் இந்த நாட்டில் எப்போதும் ஒரு திசையில்தான் பாய்கிறது, மேலிருந்து கீழே. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போதும், மீதி நேரம் அப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றது. வண்ணார் பிள்ளைக்கு வெள்ளாவி, நாவிதர் பிள்ளைக்குக் கத்தி. வக்கீல் பிள்ளைக்கு? அது நகரத்தில் முழு நேரம் படித்துக்கொண்டிருந்தது. குலக்கல்வி என்று பெரியார் அதற்குப் பெயர் சூட்டினார், ஊரே கொதித்தது. ஆறாம் வகுப்போடு நின்று எல்லாவற்றையும் தானே படித்துக்கொண்ட காமராஜர், 1954இல் முதலமைச்சர் ஆனதும் முதல் வேலையாக அதைக் குப்பையில் போட்டார். பள்ளியின் அருமை பள்ளி கிடைக்காதவனுக்குத்தான் தெரியும். அந்தக் காமராஜரின் பிறந்த நாளன்று, அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, படத்துக்கு நேர் முன்னால் நின்று 'படிப்பு எதற்கு, ஸ்பேனரைத் தூக்கு' என்கிறார்கள். படம் சுவரிலிருந்து இறங்கி வராது என்ற தைரியம்.

2023இல் அதே சரக்கு டெல்லியிலிருந்து 'விஸ்வகர்மா' என்ற லேபிளோடு திரும்பி வந்தது. 18 தொழில்கள், குடும்ப வழியாக வந்த பாரம்பரியம், குறைந்தது 18 வயது. சரியாகக் கல்லூரியில் சேர வேண்டிய வயது! தமிழ்நாடு அதை மறுத்துத் தன் பெயரில் சாதி கேட்காத ஒரு திட்டம் வைத்தது. அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் இங்கேயும் 'நான் முதல்வன்' திறன் திட்டத்தின் பேனருக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு எதைக் கற்பது என்று முடிவு செய்கிறவன் அந்தப் பிள்ளை அல்ல. எந்தக் கம்பெனிக்கு இந்த வருஷம் எந்தக் கை குறைகிறதோ அதுதான் இந்த வருஷத்துத் திறன். போன வருஷத்துத் திறன் என்னவாயிற்று என்று கேட்டால், "அப்டேட் ஆகுங்க பிரதர்."

மேடையில் சான்றிதழ்ப் படிப்புகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஏ.ஐ. ஆறு வாரம். எத்திக்கல் ஹேக்கிங் நாலு வாரம். ஆப்ஷன் டிரேடிங் ஒரே வாரக் கடைசி. கடைசியாகச் சொன்னது சிறப்பான சுயகல்வி. கைப்பேசியைத் திறந்தால் வாடகைக் காரில் சாய்ந்துகொண்டு ஒரு தம்பி, தினம் ஐயாயிரம் சம்பாதிக்கக் கற்றுத் தருகிறேன் என்கிறான். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024இல் கணக்கெடுத்துப் பார்த்தது. மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் இந்தச் சூதாட்டப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தினம் ஐயாயிரம் சம்பாதிக்கத் தெரிந்தவன் எதற்காக 999 ரூபாய்க்கு வகுப்பு எடுக்கிறான் என்று கணக்குப் போடத் தெரிவதுதான் அந்தப் பாடத்தின் முதல் பாடம். அதை அவன் எடுக்கமாட்டான்.

உண்மையான சுயகல்வியைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஏதாவது மாவட்ட மைய நூலகத்துக்குக் காலையில் போங்கள். கதவு திறக்கும்முன் வரிசை நிற்கும். கையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஓரம் கிழிந்த கைடு. உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர்கள் தொடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மின்விசிறியும் மேஜையும்தான். அரசு வேலைக்கான 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடம் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்கு எம்.ஃபில். முடித்தவள் எந்த மன்னன் எந்த ஊரில் எந்தக் குளத்தை வெட்டினான் என்று உருப்போடுகிறாள். சோம்பேறி அல்ல அவள். மேடைக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்தாலும் அவள் உழைப்புக்கு ஈடாகாது. எதைக் கற்றால் ஒருவரும் 'டேய்' என்று கூப்பிடமாட்டார்கள் என்று யோசித்துப் பார்த்து, சரியான பாடத்தைத்தான் தேர்ந்திருக்கிறாள். தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுத் தேர்வும் வேண்டும். அலுவலகத் தட்டச்சுப் பொறி செய்யும் கடைசிப் பெரிய கம்பெனி உற்பத்தியை நிறுத்தி விளக்கணைத்த பிறகும், பத்து வருஷத்துக்கு மேல் நம் அரசு அந்தப் பொறியிலேயே தேர்வு நடத்திக்கொண்டிருந்தது. காலத்துக்கேற்ற திறன்!

அந்த நூலகத்துக்கு நாம் பணம் கட்டுகிறோம், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வீட்டுக்காரருக்கே தெரியாமல் வசூலாகிற வரி அது. வசூலான காசில் எத்தனை காசு புத்தகமாக மாறுகிறது என்று கிளை நூலகத்தின் ஒழுகும் கூரையைக் கேட்டால் சொல்லும். 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் பெரிய நூலகம் ஒன்று திறந்தார்கள். அடுத்த வருஷமே ஆட்சி மாறி, அதை மருத்துவமனையாக்கக் கிளம்பினார்கள். நீதிமன்றம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

எதைக் கற்பது என்பதைக் கற்கிறவர்களே முடிவு செய்தால் என்ன நடக்கும்? ஒரு தடவை நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். எழுத்தறிவோடு சைக்கிளும் பாடமாயிற்று. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிக்காரர்கள் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதும் பார் வைத்த ஆண்கள் சைக்கிளை வாங்கிப் புடவையோடு ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது டீக்கடை பெஞ்சுகள் வாய் பிளந்தன. வராத பேச்சா? 'சைக்கிள் ஓட்டுகிற பொம்பளை' என்றார்கள், எச்சில் துப்பினார்கள். யாருடைய தொழிற்சாலைக்கும் அந்தத் திறன் தேவைப்படவில்லை. அதனால் எந்த முதலாளியும் அதற்குப் பொன்னாடை போர்த்தவில்லை. ஆனால் பேருந்துக்கும் புருஷனுக்கும் காத்து நின்ற கால்கள் காத்து நிற்பதை விட்டன. தண்ணீர்க்குடமும் பிள்ளையும் சைக்கிளில் ஏறின. விளைந்ததைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குத் தாங்களே கொண்டுபோனார்கள். ஆண்களுக்கு ஏன் எரிந்தது என்று இப்போது புரிகிறதா?

ஒரு திறன் உண்மையிலேயே பயனுள்ளதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் அந்த எரிச்சல்தான். நீங்கள் கற்றுக்கொண்டதைக் கண்டு முதலாளி, மாமியார், தாசில்தார், தாளாளர் எல்லாருமே மகிழ்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அவர்களில் ஒருவருடைய வேலைதான் குறைந்திருக்கிறது.

என்னை முழுசாகப் பேசவிட்டிருந்தால் அந்த எண்ணூறு பேருக்கும் ஒரு பாடத்திட்டம் வைத்திருந்தேன். சம்பளச் சீட்டை வாசிப்பது: வருங்கால வைப்பு நிதிக்கு உன்னிடம் பிடித்த 12 சதவிகிதத்தோடு, கம்பெனி தன் பங்கையும் கட்டியதா? பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, இந்த மூன்றையும் தரகர் உதவியில்லாமல் படிப்பது. கல்விக் கடன் ஒப்பந்தத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படிப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, 'எங்கள் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்த ஆய்வு அறிக்கையின் நகல் தேவை' என்று மனுப் போட்டு, முப்பது நாளை விரல் விட்டு எண்ணுவது. இவை எல்லாவற்றையும் கற்கக் கைப்பேசி போதும், வகுப்புக் கட்டணம் இல்லை. இந்தத் திறனை எந்த அரசும் எந்த அமைச்சகமும் எந்தக் கம்பெனியும் மேடை போட்டு 'மேம்படுத்த' முன்வந்து நான் பார்த்ததில்லை. கவனித்தீர்களா?

விழா முடிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் 'திறன் மேம்பாட்டுப் பயிலரங்கில் பங்கேற்றமைக்கான' சான்றிதழ், வழவழப்பான அட்டையில், பெயருக்குக் கோடிட்டு. சிறப்பு விருந்தினருக்கு வெள்ளியில் ஒரு சின்ன ஸ்பேனர் நினைவுப் பரிசு. சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்பேனர்தான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

பெரியவர்கள் சாப்பிடப் போனார்கள். மைக் செட்காரர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். மகனை இந்த வேலைக்குப் பழக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஏனுங்க, அவனையும் டேய்னு கூப்பிடறதுக்கா? பையன் இங்கதானுங்க படிக்கறான். மூணாவது வருசம், ஈ.சி.ஈ. மேடப் பக்கம் வந்தராதேன்னு சொல்லி வெச்சிருக்கறன்."

தரையில் மிஞ்சிக் கிடந்த சான்றிதழ் ஒன்றை எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பி, காதிலிருந்த பேனாவால் எழுதினார். மைக் 4. ஸ்பீக்கர் 6. ஜெனரேட்டர் அரை நாள். ஆள் கூலி 2. கூட்டிப் போட்டு அடியில் கோடு இழுத்தார். அலுவலகச் சன்னலில் நீட்டினார். உள்ளே இருந்தவர் அட்டையை வாங்கி, முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பையன் ஃபீஸ் பாக்கி இருக்குதல்லண்ணா, அதுல கழிச்சுக்கறோம்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கடைசி ஸ்பீக்கரை இறக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.